கொழுக்கட்டைப் புல்: விதைப்பதிலும் காப்பதே பெரிது

கறவை மாட்டுக் கடன் வேண்டி அங்கத்தினர்கள் சங்கத்திற்கு அளிக்கும் மனுக்கள் பலவற்றை நாம் பார்வையிட்டிருக்கிறோம். மாட்டின் விலை, அது கறக்கும் பாலின் அளவு, ஜாமீன்தாரரின் பெயர் ஆகிய யாவும் அவற்றில் பழுதின்றி எழுதப்பட்டிருக்கும். அம்மாடு எதைத் தின்று பால் கறக்கப் போகிறது என்பது மட்டும் எழுதப்பட்டிராது. முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு பசுவிற்கு நாளொன்றுக்கு ஏழு கிலோவுக்குக் குறையாமல் உலர்ந்த தீவனம் வேண்டும். ஆண்டிற்கு இரண்டரை டன் ஆகிறது. இதனை முழுவதும் விலை கொடுத்து வாங்குகிறவர் பால் பணத்தை வைக்கோல் வியாபாரியிடம் கொடுத்துவிட்டுத் தவணைக்குச் சங்கத்தின் முன் கைகட்டி நிற்க நேரிடுகிறது.

காங்கேயம் வட்டத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றபோது இத்தகைய அங்கத்தினர் ஒருவரைக் கண்டோம். இரண்டு மாடுகளுக்குக் கடன் பெற்றவர். மூன்று தவணைகள் நிலுவை. நிலமற்றவரோ என்றால் அதுவுமில்லை. நான்கு ஏக்கர் கொறங்காடு அவருக்குண்டு. அதனைப் பார்க்க வேண்டுமென்று நாம் கூறவே, சற்றுத் தயக்கத்துடன் அழைத்துச் சென்றார். முள்கிளுவை வேலி நன்றாகவே இருந்தது. வெள்வேல மரங்களும் இருந்தன. தரையில்தான் ஒன்றுமில்லை. செம்மண்ணும் சரளைக் கல்லும், இடையிடையே பார்த்தீனியச் செடிகளும், ஒரு மூலையில் தலைதூக்கிய சீமைக் கருவேலும் கண்டோம். "மழை இல்லீங்க" என்று அவர் காரணம் கூறினார்.

வேலிக்கு அப்பால் ஒரு மூதாட்டியாரின் கொறங்காடு. அங்கே முழங்கால் அளவிற்குக் கொழுக்கட்டைப் புல் கதிர் தள்ளி நின்றது. அதனூடே நரிப்பயற்றுக் கொடியும் படர்ந்திருந்தது. அம்மையார் எம்மை நோக்கி, "தம்பி, மழை ரெண்டு காட்டுக்கும் ஒண்ணாத்தானுங்க பேஞ்சுது. நாங்க வெத உதுர்ற வரைக்கும் படலத் தொறக்கறதில்லீங்க" என்றார். நாம் படித்த நூல்களில் பல பக்கங்களுக்கு விரித்துரைக்கப்பட்டிருக்கும் செய்தி இவ்வளவுதான்.

கொழுக்கட்டைப் புல் வெப்பத்தில் வளரும் பல்லாண்டுப் புல். ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் நம் நாட்டிலும் இயற்கையாக வளர்வது. இராஜஸ்தானத்தில் அஞ்சன் என்றும் தாமண் என்றும் வழங்குகிறார்கள். ஆண்டிற்கு 600 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் இது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் வேர். மண் ஆழமாயின் ஆறடிக்கும் கீழே அவ்வேர் இறங்கும். 1870களில் ஆஸ்திரேலியாவிற்கு ஒட்டகங்களைக் கொண்டு சென்றபோது சேணத் திண்டுகளில் அடைத்திருந்த புல்லோடு இதன் விதையும் போய்ச் சேர்ந்ததென்பர். பின்னர் அங்கு மேய்ச்சலுக்காக வேண்டியே விதைத்தார்கள். அது அந்நாட்டுத் தாவரங்களை நெருக்கி எவ்வளவு பரவியதென்றால், தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2015இல் அதனைச் சட்டப்படி களையென்றே அறிவித்துவிட்டது. வேற்று நாட்டில் அடக்க இயலாத புல், சொந்த மண்ணில் நம் வேலிக்குள் மாண்டு போகிறதென்றால் குற்றம் மழையினுடையதாக இருக்க முடியாது.

அது மாளும் வகையைச் சிறிது விளக்க வேண்டும். இப்புல் தன் உணவைச் சேமித்து வைக்குமிடம் தூரும் தண்டின் அடிப்பாகமும் ஆகும். முதல் மழை பெய்ததும் அச்சேமிப்பைச் செலவிட்டே புதுத்தளிர் விடுகிறது. தளிர் இலையாகி வெயிலில் உணவு சமைத்துத் தூருக்குத் திருப்பிச் செலுத்தச் சில வாரங்கள் வேண்டும். கையிருப்பிலிருந்து எடுத்த தொகையை மீண்டும் கட்டுவது போன்றது இது. பசுமை கண்ட மறுநாளே நாம் ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டால், கட்டுமுன்பே மறுபடியும் எடுத்தாக வேண்டியதாகிறது. இவ்வாறு இரண்டு மூன்று முறை நிகழ்ந்தால் வேர் சுருங்குகிறது. அடுத்த கோடையில் தூர் காய்கிறது. மாடு நாவினால் வளைத்துப் பிடுங்குவதால் ஓரளவு அடி மிஞ்சும். செம்மறியோ தரையோடு கடிக்கும். ஆகவே ஆடுகள் மிகுந்த காட்டில் கவனமும் மிகுதியாக வேண்டும்.

அழிந்த காட்டில் மீண்டும் விதைக்கக் கருதுவோர் புரட்டாசியின் பிற்பகுதிக்குள் நிலத்தைச் சீர்செய்து கொள்ளட்டும். சீமைக் கருவேலை வெட்டினால் போதாது, வேரோடு அகழ வேண்டும். இரண்டு உழவும், ஏக்கருக்கு இரண்டு டன் தொழுவுரமும் போதுமானவை. நீர் தேங்கும் பள்ளம் இப்புல்லுக்கு ஆகாது. ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்னும் நீலக் கொழுக்கட்டையும் நம் பகுதிகளுக்கு ஏற்றதே.

விதையைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அறுத்தவுடன் விதைத்தால் சரிவர முளைக்காது. இவ்விதைக்குச் சில மாத உறக்கம் உண்டு. தையில் சேகரித்ததை உலர்த்தி வைத்து அடுத்த புரட்டாசியில் விதைப்பதே முறை. புதுவிதையை வாங்கி உடனே தூவிவிட்டு, "சங்கத்தில் கொடுத்த விதை பொய்த்துவிட்டது" என்று குறைகூறியவர்களை நாம் அறிவோம். இரண்டாவது, விதை பஞ்சுபோல் இலேசானது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றில் பறக்கும். ஈரமணலுடன் பிசறி, ஒன்றரை அடி இடைவெளியுள்ள வரிசைகளில் மேலாகத் தூவி, முள்கொப்பை இழுத்து மூடினால் போதும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்த விதை மேலே வாராது. விதை கிடைக்காதவர்கள் மழைநாளில் பழைய தூரைப் பிரித்தும் நடலாம்.

மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் சேர்த்தால் தீவனத்தில் புரதம் கூடும். அதன் விதைத்தோல் கடினமாதலால், 80 பாகை வெப்பமுள்ள வெந்நீரில் நான்கு நிமிடம் இட்டு எடுத்து, ஓரிரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். இருபத்தைந்தாம் நாளுக்குமேல் ஒரு களை எடுத்தல் அவசியம். பாசனமும் உரமும் பெறும் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டில் 40 டன் பசும்புல் வரை அறுக்கலாம் என்கிறார்கள். மானாவாரிக் கொறங்காட்டில் அதனை எதிர்பார்த்துக் கடன் வாங்குதல் விவேகமன்று.

முதலாண்டில் படலைத் திறக்கவே கூடாது. புல் கதிர் விட்டு விதை உதிர்ந்த பின்னர், வேண்டுமானால் அரைச் சாண் அடிவிட்டு அறுத்துக் கொள்ளலாம். இரண்டாம் ஆண்டு முதல் காட்டை மூன்று நான்கு பாத்திகளாகத் தடுத்து, புல் ஒன்றரை அடி உயர்ந்தபின் ஒவ்வொன்றாக மேய்க்க வேண்டும். அரைச் சாண் மிஞ்சியதும் மந்தையை மாற்றிவிட்டு, மழைக்காலமாயின் ஐந்தாறு வாரம் அப்பாத்திக்கு ஓய்வளிக்க வேண்டும். உலர்புல்லாகச் சேமிப்போர் பூக்கத் தொடங்கும் தருணத்திலேயே அறுத்தல் நலம். முற்றிய பின் அது வைக்கோலை ஒத்ததே. ஆட்டுப் பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போட்டால் எருவிற்குத் தனிச் செலவில்லை.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. சென்னிமலைப் பக்கத்தில் தறியோடு நாலைந்து மேச்சேரி ஆடுகளையும் வைத்திருப்போர் கொறங்காட்டை ஓராண்டுக் குத்தகைக்கு எடுக்கின்றனர். ஓராண்டு மட்டுமே தமக்குரிய புல்லை எவரும் அடியொட்ட மேய்க்கத்தான் செய்வார். ஆதலின் மூன்றாண்டுக் குத்தகையாக எழுதிக்கொள்வதும், முதல் மழைக்குப்பின் மேய்க்காத நாட்களைப் பத்திரத்திலேயே குறிப்பதும் இருவருக்கும் இலாபம். நிலவுடைமையாளர்கள் இதற்கு எளிதில் இணங்குவதில்லை என்பதையும் நாம் அறியாமலில்லை.

நிலுவை வைத்த அங்கத்தினருக்கு வருவோம். முறைகளையெல்லாம் கேட்டபின் அவர் வினவியது ஒன்றுதான்: "அதுவரைக்கும் மாடு எதைத் தின்னுமுங்க?" அதற்கு நம்மிடம் உடனே விடையில்லை. சங்க நிர்வாகக் குழுவினர் கலந்து பேசி, தவணையை ஓராண்டு தள்ளிவைத்து, அந்தப் பணத்தில் சோளத்தட்டு வாங்கிக்கொள்ள இசைந்தனர். காட்டிலும் இரண்டு ஏக்கரை மட்டும் முள்ளிட்டு அடைத்து விதைப்பது, எஞ்சியதை மேய்ச்சலுக்கு விடுவது என்று முடிவாயிற்று. விதையை வேலிக்கு அப்பாலிருந்த அம்மையாரே கொடுத்தார். விலை பெற மறுத்துவிட்டார்.

மறு ஆண்டு தை மாதத்தில் சென்று பார்த்தோம். அடைத்த பகுதியில் புல் இடுப்பளவு நின்றது. கிழக்கு மூலையில் மட்டும் அரைக்கால் ஏக்கர் அளவில் வெறுந்தரை தெரிந்தது. கார்த்திகையில் சோளத்தட்டு தீர்ந்த ஒரு வாரம் மாடுகளை அங்கே விட்டதாக அவர் மறைக்காமல் கூறினார். நிலுவையில் ஒரு தவணை கட்டியாகிவிட்டது, இரண்டு பாக்கி. நாம் சென்ற காலை வேளையில் அவருடைய மனைவியார் பனி உலருமுன் கதிர்களை உருவி மடியில் சேர்த்துக் கொண்டிருந்தார். அந்த மூலைக்கும், மீதியிருந்த இரண்டு ஏக்கருக்கும் அது போதுமா என்று எம்மிடம் கேட்டார். நிறுத்துப் பார்த்தோம், நான்கு கிலோ இருந்தது. இன்னும் இரண்டு கிலோ வேண்டுமென்று கூறி வந்தோம்.