தைப் பனியைத் தாண்டி வரும் பூ

ஊட்டி தாவரவியல் பூங்காவை எந்த மாதம் வந்து பார்க்கலாம் என்று கோயம்புத்தூரிலும் மதுரையிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டால், மலர்க் கண்காட்சியைப் பார்த்தாயிற்றா என்று முதலில் கேட்பேன். பார்த்தாயிற்று என்றால், அடுத்த தடவை தை மாதத்தில் வாருங்கள் என்பேன். "தையில் பூவே இருக்காதே அத்தை!" என்பார்கள். பாத்திகளில் பெரிதாகப் பூ இருக்காதுதான். ஆனால் மே மாதத்தில் ஊரே திரண்டு வந்து பார்க்கிற பூ, மார்கழியிலும் தையிலும்தான் சாகாமல் தப்பிக்கிறது. அது தப்பிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும்.

நான் இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவள். பனிக்காலத்தில் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போவது வழக்கம். உறைபனி என்றால் என்ன என்று கேட்டால், வானத்திலிருந்து விழுவது என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். பெரியவர்களும் பனி விழுந்தது, பனி கொட்டியது என்றுதான் பேசுகிறோம். உண்மையில் அது தரையில் பிறக்கிறது. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவெல்லாம் வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது கம்பளி போலப் போர்த்தி அந்தச் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் தரையும் புல்லும் மளமளவென்று குளிர்ந்துவிடும். ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி, 4 டிகிரி காட்டும்போதே புல் நுனி உறைநிலைக்குக் கீழே போயிருக்கும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் வெள்ளையாகப் படியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் இருக்கும்வரை நீர்ப்பனியோடு போய்விடும். மேகம் கலைந்ததும் உறைபனி தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது சரிவில் இறங்கி, பள்ளம் பார்த்துத் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் பனி வெளுத்துக் கிடக்கும்போது, மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் ஒன்றும் இருக்காது.

இப்போது பூங்காவின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் 22 ஹெக்டேர் பரப்பில் அது ஏறிக்கொண்டே போகிறது. நுழைவாயிலும் பெரிய புல்வெளியும் அடியில். அடுக்கடுக்காக மேலே போனால் உச்சியில் தோடர்களின் மந்து. ஒரு காலத்தில் சரிவின் மேற்பகுதி காடாகவும் கீழ்ப்பகுதி சதுப்பாகவும் இருந்தன. 1845 வாக்கில் இங்கே குடியேறியிருந்த ஆங்கிலேயர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்கள் சமையலுக்கு ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். பொதுப்பூங்கா என்ற யோசனை அதற்கடுத்துத்தான் வந்தது. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848இல் வந்து, சுமார் பத்து ஆண்டுகள் உழைத்து இதை உருவாக்கினார். நீலகிரியில் சிங்கோனாவை வளர்த்து, மலேரியாவுக்கான கொயினா இங்கேயே கிடைக்க வழி செய்தவரும் அவர்தான். அவர் சதுப்பை வடித்துப் புல்வெளியாக்கினார். தண்ணீர் வடிந்து போயிற்று. குளிர்காற்று இன்றும் அங்கேதான் வந்து இறங்குகிறது. மக்கள் கண் முதலில் படுகிற பாத்திகள் எல்லாம் பனி தேங்குகிற அந்த அடிவாரத்தில்தான் இருக்கின்றன.

மே மாதத்துக்கான விதைகள் பனிக்காலத்திலேயே நாற்றங்காலில் விழுந்துவிடும். மேரிகோல்டு, பெட்டூனியா, சால்வியா, ஆஸ்டர், டயாந்தஸ், பேன்சி என்று நாற்றுகள் விரல் உயரம் நிற்கும்போதுதான் குளிர் கடுமையாகும். பேன்சி கொஞ்சம் தாங்கும். சால்வியாவும் பால்சமும் ஒரே இரவில் கறுத்துவிடும். டேலியாவின் தண்டு போய்விடும், மண்ணுக்கடியில் கிழங்கு பிழைத்துக் கிடக்கும். பனியில் 'கருகியது' என்று நாம் சொல்வது சரிதான். இலைக்குள் செல்களுக்கு இடையில் ஐஸ் உருவாகும்போது அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே உறிஞ்சுகிறது. செல் வற்றி, அதன் சவ்வு கிழிகிறது. வெயிலில் காய்ந்த இலையும் பனியில் உறைந்த இலையும் தண்ணீர் இல்லாமல்தான் சாகின்றன.

இதற்குப் பூங்காவில் செய்யும் வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. கோத்தகிரி மிலார் என்று இங்கே சொல்லும் ஒரு செடியின் கிளைகளை இலையோடு வெட்டி வந்து, நாற்றுகளைச் சுற்றியும் மேலேயும் கவிழ்த்துச் செருகுவார்கள். சாயங்காலம் குனிந்த தலை நிமிராமல் பெண்கள் அந்த வேலையைச் செய்துகொண்டு போவார்கள். பார்த்தால் குப்பைக் கிளையைக் குவித்தது போல இருக்கும். அந்த இலைக்கூரை, தரை விடும் சூட்டை வானத்துக்குப் போக விடாமல் மறிக்கிறது. பகலில் இடுக்கு வழியே வெளிச்சமும் காற்றும் நாற்றுக்குக் கிடைக்கும். பிளாஸ்டிக் தாளைப் போட்டால் வெயில் ஏறும்போது உள்ளே வெந்துவிடும். அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆகாசம் தொடச்ச மாதிரி இருக்கு டீச்சர். ராத்திரி கொட்டப் போகுது. இன்னும் நாலு பாத்தி மூடணும்." நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு பாடவேளை முழுக்கச் சொன்ன விஷயத்தை, அவர் மேகமில்லாத வானத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

விடியற்காலையில் புல்வெளிக்கும் பாத்திக்கும் தண்ணீர் தெளிப்பார்கள். குளிரில் தண்ணீரா என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். குழாய்த் தண்ணீர் ஐஸைவிடச் சூடானது. வெயில் சுள்ளென்று படுவதற்குள் அது வெண்பனியைக் கரைத்துவிடும்.

மாசி, பங்குனியில் பனி விலகும். மிலாரை எடுத்துவிட்டு, நாற்றுகளைப் பாத்திக்கும் ஆயிரக்கணக்கான தொட்டிகளுக்கும் மாற்றுவார்கள். மொட்டு வந்த தொட்டிகள் மலர் மாடத்தில் அடுக்கப்படும். மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. 2023இல் நடந்தது 125ஆவது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் நடக்கவில்லை. 2020இல் வாசற்கதவு மூடியிருந்தபோதும் உள்ளே தொட்டிகள் பூத்தன, ஏனென்றால் அந்த வேலை அதற்கு முந்தைய பனியிலேயே முடிந்திருந்தது. அந்த வருஷம் எனக்கு மனசு ரொம்பவே கனத்தது.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்து மிச்சப் பூவை அடித்துப் போடும். மிதிபட்ட புல்வெளியைப் பூட்டி ஓய்வு கொடுப்பார்கள். மழைக்கு இடையிலேயே இரண்டாம் சீசன் நடவு நடந்து, செப்டம்பர், அக்டோபரில் மறுபடி பூக்கும். பிறகு மறுபடி மிலார்.

பனிக்காலத்தில் வருகிறவர்கள் மரங்களைப் பாருங்கள் என்று சொல்வேன். குரங்கு ஏறா மரம், கார்க் மரம், காகிதம் போலப் பட்டை உரியும் மரம், குளத்தருகே கல்லாகிக் கிடக்கும் 2 கோடி ஆண்டுப் பழைய அடிமரம் எல்லாவற்றையும் அப்போதுதான் நின்று பார்க்க முடியும். மே மாதத்தில் பின்னால் வருகிறவர் தள்ளிவிடுவார்.

கண்ணைச் சற்று உயர்த்தி மலையையும் பாருங்கள். நீலகிரியின் சோலைக்காடு பெரும்பாலும் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும், திறந்த சரிவெல்லாம் புல்வெளி. இதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். அதில் ஒன்று பனி. வெட்டவெளியில் முளைக்கும் சோலை மரக் கன்று பனியில் கருகிவிடுகிறது, தாய்மரத்தின் இலைக்கூரைக்குக் கீழே முளைப்பது பிழைக்கிறது. பூங்காவின் அந்த அக்கா மிலாரை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். அந்த விதிக்கு அடங்காதது காட்டுப்பூவரசு. புல்வெளியின் நடுவே தன்னந்தனியாக, முறுக்கிய அடிமரத்தோடு நின்று, பனியையும் காட்டுத்தீயையும் தாங்கி, பாத்திகளெல்லாம் மூடிக்கிடக்கும் நாட்களில் ரத்தச் சிவப்பாகப் பூக்கத் தொடங்கும். தொட்டபெட்டா போகும் வழியில் அதைத் தேடிப் பாருங்கள்.

வருவதாக இருந்தால், முந்தைய இரவு நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் சரிவில் இறங்கிவிட்டால் வெண்மை நிமிஷத்தில் போய்விடும். பிள்ளைகளைப் புல்லில் இறங்க விடாதீர்கள். உறைந்த புல்லை மிதித்தால் அந்தத் தடம் பழுப்பாக வாரக்கணக்கில் நிற்கும். மிலார் வேலை பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் நாற்றங்கால் பக்கம் போய் ஓரமாக நில்லுங்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள்.