மலிவு மடிக்கணனி: விலையும் பெறுமதியும்

வன்னிக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில் தாயொருவர் எம்மை மறித்தார். "சுவாமி, மகள் உயர்தரம் படிக்கிறாள். கடையில புது மடிக்கணனி ஒன்று மலிவாக் கிடக்குது. எடுக்கலாமோ?" என்று கேட்டார். "புதியதென்றால் நல்லதுதானே, எடுங்கோ" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினோம்.

எட்டு மாதங்களின் பின் அதே வீட்டிற்குச் சென்றபோது, அந்தக் கணனி துணியால் மூடப்பட்டு அலுமாரியின் மேல் இருந்தது. அதைத் திறந்து ஒரு பாடத்தைப் பார்ப்பதற்குள் மகளுக்குப் பொறுமை போய்விடுகிறதாம். தோடு அடகில் இருக்கிறது. சிக்கன கடனுதவிச் சங்கத்திற்குக் கட்ட வேண்டிய தவணைகள் இன்னும் பத்து உள்ளன. நாம் யோசியாமல் சொன்ன ஒரு வார்த்தையின் விலை அது. அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

விற்பவர் பொய் சொல்லவில்லை. விலையைக் குறைப்பதற்காக உள்ளே பலவற்றைக் குறைத்திருக்கிறார்கள். அந்தக் கணனியின் நினைவகம் 4 ஜிகாபைற், சேமிப்பிடம் 64 ஜிகாபைற். விண்டோஸ் 11 இயங்குவதற்கு அதைத் தயாரித்த நிறுவனம் கேட்கும் ஆகக் குறைந்த அளவும் இதுவே. உயிரைத் தாங்கும் கஞ்சி வேறு, வயலில் உழைப்பதற்கான சோறு வேறு அல்லவா? சேமிப்பிடத்தின் பெரும் பங்கை விண்டோஸே பிடித்துக்கொள்கிறது. சில மாதங்களில் புதுப்பிப்புகள் வந்து சேர, மிச்சமிருந்த இடமும் நிரம்பி, கணனி ஆமை வேகத்திற்கு வந்துவிடுகிறது.

இவ்வகைக் கணனிகள் பலவற்றில் நினைவகமும் சேமிப்பிடமும் தாய்ப்பலகையோடு ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட நினைத்தாலும் முடியாது. வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இதைப் பிறகு கூட்டலாமா?" என்பதே.

ஆண்டுக் கணக்கு

விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஓர் உதாரணம்: 90,000 ரூபா கொடுத்து வாங்கியது மூன்று ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 30,000 ரூபா. 120,000 ரூபா கொடுத்தது ஆறு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 20,000 ரூபாதான். கடனுக்கு வாங்குபவர் வட்டியையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். 2022 மார்ச்சில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவரை ஏறியதை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளொன்றை இரண்டு தடவை வாங்கும் வசதி ஏழைக் குடும்பத்திற்கு இல்லை.

பழையதை வாங்கலாமா?

அலுவலகங்களில் பாவித்துப் புதுக்கி விற்கப்படும் கணனிகள் பல வேளைகளில் புதிய மலிவுக் கணனியைவிட உறுதியானவை. ஆனால் கவனம் வேண்டும். விண்டோஸ் 10இற்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்தது. விண்டோஸ் 11 வேண்டுமாயின், இன்ரெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. நினைவகம் 8 ஜிகாபைற் இருப்பது நல்லது. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் பற்றரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைக் கடையிலேயே பாருங்கள். எழுத்திலான உத்தரவாதமும் பற்றுச்சீட்டும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். முறைப்பாடு செய்ய நேர்ந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. அங்கும் பற்றுச்சீட்டுத்தான் உங்கள் சாட்சி.

எதற்காக வாங்குகிறோம்?

2005இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரோபொன்ரே ஏழைப் பிள்ளைகளுக்கு 100 டொலர் மடிக்கணனி என்ற திட்டத்தை உலகுக்கு அறிவித்தார். பெரு நாடு இலட்சக்கணக்கில் வாங்கிக் கிராமப் பாடசாலைகளுக்குக் கொடுத்தது. அங்கு 319 பாடசாலைகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகள் முன்னேறியதற்கான சான்று கிடைக்கவில்லை. கருவி கையில் இருந்தால் மட்டும் போதாது. வழிகாட்ட ஆசிரியரும் படிப்பதற்கேற்ற பாடமும் வேண்டும்.

கட்டுரை எழுதவும் குறிப்பு வாசிக்கவும் பாட ஒளிப்படங்களைப் பார்க்கவும் மட்டுமென்றால் மலிவுக் கணனி போதும். படம் வரைவதற்கும் ஒளிப்படத் தொகுப்புக்கும் அது போதாது.

அந்த மகளின் கணனியை நகரத்தில் கணனி படிக்கும் இளைஞர் ஒருவரிடம் கொடுத்தோம். விண்டோஸை நீக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ற் என்பதை அவர் நிறுவினார். புதிதாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். ஆனால் துணியை எடுத்துவிட்டு அவள் இப்போது அதிலே குறிப்பு எழுதுகிறாள். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இப்போது அக்கிராமத்து மாதர் சங்கம் ஒரு வழக்கத்தைத் தொடங்கியுள்ளது. கணனி வாங்கக் கடன் கேட்பவர் கடைக்குத் தனியே போவதில்லை. விடயம் தெரிந்த ஒருவர் கூடப் போகிறார். உங்கள் சங்கத்திலும் இதைச் செய்யலாமே. எம்மைப்போல் அவசரத்தில் ஆலோசனை சொல்பவர்களிடமிருந்து அது உங்களைக் காப்பாற்றும்.