மீசை மீனுக்கு மணல் மெத்தை

கூரையும் சுவரும் எவ்வளவு அழகாக இருந்தாலும், தரை முழுவதும் கூர்ங்கற்களாக இருந்தால் அந்த வீட்டில் நம்மால் வாழ முடியுமா? முடியாதல்லவா! ஆயின், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் நம்மில் பலர், மீனின் நிறத்தைக் கவனிக்கும் அளவுக்குத் தொட்டியின் தரையைக் கவனிப்பதில்லை. நடுநீரில் நீந்தும் மீன்களுக்கு இதனால் பெரிய துன்பமில்லை. தரையிலேயே இரை தேடி வாழும் கெளுத்தி இன மீன்களுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. இதை நான் என் தவற்றின் மூலமே அறிந்தேன்.

சென்ற ஆண்டு என் பிறந்த நாளுக்கு அப்பா நான்கு கோரிடோரஸ் மீன்களை வாங்கித் தந்தார். நான் ஆசைப்பட்டபடி நீலமும் சிவப்புமான சரளைக் கற்களைத் தொட்டியில் பரப்பினோம். இரண்டு மாதங்களில் மீன்களின் மீசைகள் தேய்ந்து குட்டையாயின. ஒரு மீன் வாயோரம் புண்ணாகி, இரையெடுக்காமல் இறந்துவிட்டது.

மீசையின் பயன்

கோரிடோரஸ் மீன்களின் தாயகம் தென் அமெரிக்கா. 1803-ஆம் ஆண்டு பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லசெப்பேத் இப்பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் இதற்குத் 'தலைக்கவசத் தோல்' என்பது போன்ற பொருள். செதில்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் இரு வரிசைகளாக உடலை மூடியிருக்கின்றன. ஆனால் இவ்வளவு கவசம் பூண்ட மீனுக்கு வாயும் மீசையும் மட்டும் மிக மென்மையானவை.

அந்த மீசைகளில் சுவை அரும்புகள் உள்ளன. கலங்கிய நீரிலும் இருளிலும் மீன் அவற்றால் தடவியே இரையைக் கண்டுபிடிக்கிறது. மூக்கு வரை மணலில் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, உண்ணத்தக்கதை வைத்துக்கொண்டு மீதி மணலைச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். நம் அம்மா முறத்தில் அரிசி புடைப்பது போன்ற வேலை இது! பெரிய சரளைக் கல்லை அச்சிறு வாயால் அள்ள முடியுமா?

குற்றவாளி யார்?

மீன் இறந்ததை எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். கல்தான் காரணம் என்றேன். "கல்லைக் குறை சொல்கிறாயே, கல்லின் இடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?" என்று கேட்டார். அன்று மாலை ஒரு பிடி கல்லை எடுத்துப் பார்த்தேன். மக்கிய உணவும் கழிவும் கருஞ்சேறாக ஒட்டியிருந்தன.

அப்போதுதான் உண்மை விளங்கியது. கூரான கல் மீசையைக் கீறலாம். ஆயின் இடுக்குகளில் தேங்கும் அழுக்கில் பெருகும் பாக்டீரியாக்கள் மீசையை அரித்து, கீறலையும் புண்ணாக்குகின்றன. மணலில் உணவு மேலேயே தங்குவதால் மீனும் உண்ணலாம், நாமும் அகற்றலாம்.

எந்த மணல்?

எல்லா மணலும் ஏற்றதன்று. கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் உண்டு. சிப்பி கரைந்து நீரைக் கடினமாக்கும். கட்டட வேலைக்குப் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டின் துகள்கள் முனை கூரானவை. உருண்டு மழுங்கிய, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய மணலே நல்லது. நீச்சல் குள வடிகட்டிகளுக்கு விற்கும் மணலும் பெரும்பாலும் பொருந்தும்.

வாங்கும் முன் இரு சோதனைகள் செய்யலாம். மணலைப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள், கீறினால் வேண்டாம். உலர்ந்த மணலில் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உள்ளதென்று அறிந்து விட்டுவிடுங்கள்.

இடும் முறை

மூன்று சென்டிமீட்டர் கனம் போதும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டிக்கு 60 × 30 × 3 = 5,400 கன செ.மீ., அதாவது 5.4 லிட்டர் மணல் தேவை. ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ என்று கொண்டால் எட்டுக் கிலோ வரும். அலசும் நீர் தெளியும் வரை வாளியில் பலமுறை கழுவ வேண்டும். நான் பதினொரு முறை கழுவினேன்!

தரையை மாற்றும்போது மீன்களைத் தொட்டியின் பழைய நீரிலேயே வைத்திருக்க வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவக் கூடாது. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதில் வாழ்கின்றன. சரளைக்கு அடியில் வைக்கும் தட்டு வடிகட்டியை மணல் அடைத்துவிடும். அதற்குப் பதில் பஞ்சு வடிகட்டி வைப்பது நல்லது.

மணல் இட்டுவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. வாரம் ஒரு முறை குழாயை மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்து அழுக்கை உறிஞ்சி, கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். புதிய நீரில் குளோரின் இருத்தல் கூடாது. மணலை அவ்வப்போது விரலால் மெல்லக் கிளறிவிட வேண்டும். காற்றுப் புகாமல் இறுகிய மணலில் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு உண்டாகும்.

மணல் மாற்றிய சில வாரங்களில் இரண்டு மீன்களின் மீசைகள் மீண்டும் வளர்ந்தன. மூன்றாவது மீனுக்கு அடிவரை தேய்ந்துவிட்டதால் வளரவே இல்லை. அது இன்றும் மற்ற இரண்டின் பின்னே சென்று இரை தேடுகிறது. அதைக் காணும்போதெல்லாம் என் மனம் உறுத்துகிறது.

வண்ணக் கல்லை நான் விரும்பினேன். மீனுக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லை. வாயில்லா உயிர் தன் தேவையைச் சொல்லாது. நாம்தான் கவனித்து அறிய வேண்டும். புனித அசிசி பிரான்சிஸை 1979-ஆம் ஆண்டு சூழலியலின் பாதுகாவலராகத் திருச்சபை அறிவித்தது. அவரைப் போற்றும் நாம், இறைவன் நம் கையில் ஒப்படைத்த சிற்றுயிரின் தரையையும் ஒரு முறை குனிந்து பார்ப்போமாக!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி