கருகல் வாடையும் காரின் குணமும்

இத்தாலி நாட்டில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மீது ஸ்டெல்வியோ என்றொரு கணவாய் உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 2,757 மீட்டர். வடபுறச் சாலையில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள்! ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதில் ஆசை கொண்டவர்கள் கோடை காலத்தில் இச்சாலையைத் தேடிச் செல்கிறார்கள். கையால் கியர் மாற்றும் அத்தகைய காரொன்றில் நீங்கள் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதி வழியில் ஏதோ கருகும் வாடை வீசுகிறது. பிரேக் மிதி வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக இறங்குகிறது. வண்டியை உடனே நிறுத்துவதா? அடிவாரம் போய்ப் பார்த்துக்கொள்வதா?

இதற்கு விடை சொல்ல ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி ஆசிரியனாகிய என்னிடமும் அது கிடையாது. ஆனால் இயற்பியல் விதிகள் வண்டியின் விலையைப் பார்த்து மாறுவதில்லை. உயர்நிலைப் பள்ளியில் நாம் படித்த ஆற்றல் அழிவின்மை விதியும் உராய்வு விதியுமே இங்குப் போதும்.

ஐந்து குடம் வெந்நீர்

ஆளோடு சேர்த்து வண்டியின் நிறை 1,200 கிலோகிராம் என்க. அது மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 4 லட்சத்து 63 ஆயிரம் ஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் இவ்வளவும் பெரும்பாலும் வெப்பமாகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்.

ஒருமுறை நிறுத்துவது பெரிதல்ல, மலையிறக்கமே பெரிது. ஸ்டெல்வியோவின் வடபுறத்தில் அடிவாரம்வரை வண்டி சுமார் 1,800 மீட்டர் இறங்குகிறது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 2 கோடியே 12 லட்சம் ஜூல் வரும். சுமார் 72 லிட்டர், அதாவது ஐந்து குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. காற்றின் தடையும் டயர்களின் தடையும் இதில் ஒரு பங்கை ஏற்கும். மீதியை எஞ்சின் ஏற்க வேண்டும். அல்லது நான்கு பிரேக் தட்டுகள் ஏற்க வேண்டும். மலையேறிய அதே கியரில் இறங்கு என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். தாழ்ந்த கியரில் எஞ்சின் வேகமாகச் சுழன்று, வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. பிரேக்கின் சுமை குறைகிறது.

பிரேக் அளவு மீறிச் சூடேறினால் இரண்டு விதமான கோளாறுகள் தோன்றும். மிதி கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால், உராயும் கட்டைகளில் உள்ள பிசின் சிதைந்து உராய்வு குறைந்துவிட்டது என்று பொருள். மிதி பஞ்சு போல் மெத்தென்று கீழே போனால் பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது என்று பொருள். இரண்டாவதே அதிக அபாயமானது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. எனவேதான் உங்கள் காலின் அழுத்தம் சக்கரத்தைச் சென்று சேர்கிறது. ஆவிக் குமிழியையோ எளிதில் சுருக்கலாம். மிதிக்கும் அழுத்தம் முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்.

இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230° செ. வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். நூற்றுக்கு நாலு பங்கு அளவுக்கு நீர் கலந்துவிட்டாலோ 155° செ. தாங்கினாலே போதும் என்று தர விதி இறங்கிவிடுகிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை மாற்றுவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

கிளட்ச் என்னும் அடுப்பு

எஞ்சினையும் சக்கரங்களையும் மெல்ல இணைப்பது கிளட்ச்சின் வேலை. சுழலும் தட்டும் நின்றிருக்கும் தட்டும் ஒன்றையொன்று கவ்வும்வரை வழுக்கியே தீர வேண்டும். அந்தச் சிறு நேர வழுக்கலில் பிறக்கும் வெப்பம், சமதரையில், வண்டி பெற்ற இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறையச் சமம். எனவே மெதுவாகக் கிளம்புகிறவருக்குக் கவலை இல்லை. எஞ்சினை அலற விட்டுக் கிளம்புகிறவருடைய கிளட்ச் பல மடங்கு வெப்பத்தை ஏற்கிறது.

ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல், கிளட்ச்சைப் பாதி விட்டு வண்டியை அசையாமல் நிறுத்தி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. 8 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் 1,200 கிலோ வண்டியை இப்படிப் பிடித்து வைத்தால், நிமிடத்துக்கு 1,500 சுற்றில் கிளட்ச்சில் பிறக்கும் வெப்பம் சுமார் 5 கிலோவாட். மூடிய கூட்டுக்குள் ஐந்து மின்சார அடுப்புகளை ஏற்றி வைத்தது போல! தாள் தீய்ந்தது போன்ற காரமான வாடை அங்கிருந்துதான் வருகிறது.

கிளட்ச் தேய்ந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஆளில்லாத நேர்ச்சாலையில், உயர்ந்த கியரில் மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சினின் சுற்று விர்ரென்று ஏறி, வண்டியின் வேகம் ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது.

வாடையை வகை பிரித்தல்

வாடை எல்லாம் ஒன்றல்ல. எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

மேட்டில் கிளம்பிய பின் வந்தால் கிளட்ச். இறக்கத்தில் வந்தால் பிரேக். சமதரையில் ஒரே ஒரு சக்கரத்தருகே மட்டும் வந்து, வண்டியும் அந்தப் பக்கமே இழுத்தால், அச்சக்கரத்தின் பிரேக் விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையை அருகில் கொண்டுபோய் அனலை ஒப்பிட்டுப் பாருங்கள், தொட வேண்டாம்.

எண்ணெய்ப் புகை வாடை வந்தால், கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டுகிறது. வெல்லப்பாகு போன்ற இனிப்பு வாடை குளிர்விக்கும் நீரில் கலந்த கிளைக்கால் திரவத்தினுடையது. சூடு தணியாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம், எரிபொருள் மிகுதியாகச் செல்வதையோ பாட்டரி அளவுக்கு மேல் மின்னேற்றம் பெறுவதையோ காட்டும். பிளாஸ்டிக் உருகும் வாடை என்றால் மின்கம்பி. எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் வெளியேறி, முடிந்தால் பாட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். புதிய பிரேக் கட்டைகள் மாற்றிய முதல் சில நாட்களில் லேசாக வாடை வருவது இயல்பே.

ஒன்றை மறவாதீர்கள். காற்றினால் குளிர்விக்கப்பட்ட பழைய போர்ஷே போன்ற கார்களில், உள்ளிருப்போருக்கான வெந்காற்று புகைக்குழாயைச் சுற்றி வருகிறது. அங்கு ஓட்டை விழுந்தால் புகையோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். அதற்கு மணமே கிடையாது; ஆனால் உயிரைக் குடிக்கும். புகை வாடையோடு தலைவலியும் வந்தால் கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்துங்கள்.

வால் முந்தும் வண்டி

இனி வண்டியின் குணத்துக்கு வருவோம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்ப, மையநோக்கு முடுக்கம் வினாடிக்கு வினாடி 5.6 மீட்டர் தேவை. வேகம் 80 ஆனால் அது 9.9 மீட்டர் ஆகிவிடும். புவியீர்ப்பு முடுக்கத்துக்கே சமம். உலர்ந்த சாலையிலும் சாதாரண டயரின் பிடிப்பு ஏறக்குறைய அங்கே தீர்ந்துவிடுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கே கூடியது. தேவையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது.

1964 முதல் உற்பத்தியான போர்ஷே 911 காரின் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவில் வேகம் மிகுந்துவிட்டதென்று பயந்து ஓட்டுநர் ஆக்சிலேட்டரைச் சட்டென விட்டால் என்ன ஆகும்? எஞ்சின் பின் சக்கரங்களைத் தடுக்கும். எடையில் ஒரு பகுதி முன் சக்கரங்களுக்கு மாறும். முன்புறம் பிடிப்புக் கூடும், பின்புறம் குறையும். பக்கவாட்டில் பிடிக்கவும் வேகத்தைத் தடுக்கவும் ஒரே டயர் போதாமல் போக, கனத்த வால் வெளியே வீசும். வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். பயத்தில் செய்த காரியமே விபத்தை அழைக்கிறது! இக்குணத்தைத் தணிக்க 1969ஆம் ஆண்டு மாதிரியில் முன்பின் அச்சுகளின் இடைவெளியை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 1995க்குப் பின் பரவிய மின்னணுக் கட்டுப்பாடு, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து உதவுகிறது. ஆயினும் உராய்வின் எல்லையை அதனாலும் உயர்த்த முடியாது.

எனவே, வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துக்கொண்டு வளைவில் நுழைய வேண்டும். வளைவின் நடுவே கியரை இறக்கிக் கிளட்ச்சைப் படக்கென்று விடுவதும் அதே தவறுதான். பின் சக்கரங்கள் திடீரெனத் தடுக்கப்படும். ஆனால், அகன்ற டயர்கள் சாலைப் பள்ளத்தின் போக்கில் சிறிது இழுப்பது கோளாறல்ல. அது அவற்றின் இயல்பு.

இப்போது ஸ்டெல்வியோவுக்குத் திரும்புவோம். வாடை மட்டும் என்றால் தாழ்ந்த கியரில் அடுத்த நிறுத்துமிடம்வரை செல்லலாம். மிதியும் இறங்குகிறது என்றால் அடிவாரத்தை மறந்துவிடுங்கள். மிதியை அடுத்தடுத்து அழுத்தி, கியரைப் படிப்படியாக இறக்கி, கைப்பிரேக்கையும் மெதுவாக இழுத்து, கிடைத்த முதல் இடத்தில் நிறுத்துங்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிரேக் தட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; விரிசல் விழும். அரை மணி நேரம் காத்திருந்தால் மிதி மீண்டும் கெட்டிப்படலாம். அதைக் கண்டு ஏமாந்து, பழையபடி வேகமாக இறங்க வேண்டாம். ஈரம் உறிஞ்சிய எண்ணெய் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த இறக்கத்தில் மறுபடியும் கொதிக்கும்.

நமது மூக்குக்கு விலை கொடுத்து வாங்கிய எந்தக் கருவியும் ஈடல்ல. அது எச்சரித்த பின்னும் ஓட்டிக்கொண்டே போவதுதான் கோளாறுகளிலெல்லாம் பெரிய கோளாறு.