உங்களுக்குத் தெரியுமா? – ஆஸ்திரேலியத் துரைமார்கள்

அடிமை முறையை ஆதரித்த தோட்ட முதலாளி, தனிநாடு கேட்டுக் கிளர்ச்சி செய்தவர் என்றதும் அமெரிக்காவின் தென்மாநிலங்கள்தான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவிலும் அந்த ரகத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

சிட்னியின் நியூட்ரல் பே பகுதியில் பென் பாய்ட் சாலை இருக்கிறதே, அந்த பெஞ்சமின் பாய்ட் யார் தெரியுமா? லண்டன் பங்குத் தரகர். 1842-ல் 'வாண்டரர்' என்ற சொந்த உல்லாசப் படகில் சிட்னி வந்து இறங்கினார். இரண்டே வருடத்தில் பெரும் நிலக்கிழார், மேய்ச்சல்காரர்களின் தலைவர். போர்ட் பிலிப் பகுதிக்கு, அதாவது இன்றைய மெல்போர்ன் பக்கத்துக்கு, சிட்னி சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் ஆனார். அவரது ஓயாத புலம்பல் ஒன்றுதான்: ஆட்கூலி அதிகம்!

அதற்கு அவர் கண்ட வழி, 1847-ல் 'வெலாசிட்டி' கப்பலை அனுப்பி டன்னா, லிஃபூ முதலான பசிபிக் தீவுகளிலிருந்து 65 பேரை ஏற்றிவந்தது. ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. கூலி வருடத்துக்கு 26 ஷில்லிங். மாதம் இரண்டு ஷில்லிங் சொச்சம். அதோடு வாராவாரம் இறைச்சி, உடுத்தக் கொஞ்சம் துணிமணி. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கீறல் போட்டார்கள். கங்காணி ஆசை காட்டிக் கைநாட்டு வாங்கிய கதை நமக்குப் புதிதா என்ன? ஆடு மேய்க்க அனுப்பப்பட்டவர்கள், குளிர் தாங்காமல், ஊர் திரும்பக் கப்பல் தேடி சிட்னியை நோக்கி நடையைக் கட்டினார்கள். அதே ஆண்டில் சட்டமன்றம், வேலையை விட்டு ஓடுபவர்களைத் தண்டிக்கும் வேலையாள் சட்டத்தைத் திருத்தி, தீவுக்காரர்களுக்கு அது செல்லாது என்றது. பாய்டின் திட்டம் படுத்துவிட்டது. அவர் ஆரம்பித்த வங்கியும் திவால். 1849-ல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிக் கிளம்பியவர், 1851-ல் குவாடல்கனல் தீவில் வேட்டைக்குக் கரையிறங்கினார், திரும்பவில்லை.

அவர் பிரதிநிதியாக இருந்த போர்ட் பிலிப் மக்களுக்கு சிட்னியிடமிருந்து பிரிய வேண்டும் என்று ஒரே துடிப்பு. 1848 தேர்தலில் மெல்போர்ன்காரர்கள் எதிர்ப்பைக் காட்ட, லண்டனில் இருந்த குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஏர்ல் கிரேயையே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்! 1851 ஜூலை 1-ல் அந்தப் பகுதி விக்டோரியா என்று தனியாகப் பிரிந்தது.

அசல் அமெரிக்கப் பிரிவினைவாதிகளும் மெல்போர்ன் வந்திருக்கிறார்கள். 1865 ஜனவரியில் 'ஷெனான்டோவா' என்ற தென்மாநிலப் போர்க்கப்பல் பழுதுபார்க்க நின்றது. அதிகாரிகளுக்கு பல்லராட்டில் நடன விருந்து. 42 பேர் கமுக்கமாக ஏறி அதன் மாலுமிகளாகவே சேர்ந்துகொண்டார்கள். இந்த ஆட்சேர்ப்பைத் தடுக்கத் தவறியதால், மெல்போர்னை விட்டபின் அந்தக் கப்பல் செய்த சேதத்துக்கு பிரிட்டனே பொறுப்பு என்று 1872-ல் ஜெனீவா நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

பாய்டின் வழியிலேயே சிட்னி வணிகர் ராபர்ட் டவுன்ஸ் 1863-ல் குயின்ஸ்லாந்துப் பருத்தித் தோட்டத்துக்குத் தீவுக்காரர்களைக் கொண்டுவந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திக்கு வந்த கிராக்கிதான் காரணம். டவுன்ஸ்வில் நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பருத்தி போய்க் கரும்பு வந்தது. 1904 வரை சுமார் 62,000 ஒப்பந்தங்கள். 1882-ல் இலங்கையிலிருந்தும் சிங்களத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டார்கள்.

1890-க்குப் பிறகு தீவுக்காரர்களைக் கொண்டுவரக் கூடாது என்று 1885-ல் குயின்ஸ்லாந்து சட்டம் போட்டதும் கரும்பு முதலாளிகள், 'வட குயின்ஸ்லாந்தைத் தனியாகப் பிரி' என்று கொடிபிடித்தார்கள். லண்டனில் அவர்களுக்காக வாதாடியவர், மக்காய் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஹெரால்ட் ஃபின்ச் ஹாட்டன். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' நூலில் வரும் டெனிஸுக்குச் சித்தப்பா! பிரிவினை நடக்கவில்லை. 1892-ல் அரசே தடையை நீக்கிவிட்டது. கேட்டது கிடைத்த பிறகு பிரிவினை எதற்கு?

தீவுக்காரர்களை நாடுகடத்தும் சட்டத்தை மெல்போர்னில் கூடிய முதல் மத்திய நாடாளுமன்றம் 1901-ல் நிறைவேற்றியது. காரணம் இரக்கமல்ல, வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை. தப்பித் தங்கியவர்களின் சந்ததியைத் தனிச் சமூகமாக மத்திய அரசு அங்கீகரித்தது 1994-ல்தான். 2022-ல் ஈடன் அருகே உள்ள பென் பாய்ட் தேசியப் பூங்காவின் பெயர், தாவா பூர்வகுடி மொழியில் கொலைத் திமிங்கிலத்தைக் குறிக்கும் 'பியோவா' என்று மாற்றப்பட்டது.