கேம் வாங்கும் முன் கடையைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் கேம்களை இன்று இணையக் கடைகளிலேயே வாங்கி டவுன்லோட் செய்து கொள்ளலாம். 2003ல் தொடங்கிய ஸ்டீம், விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் கமிஷன் எடுத்து வந்தது. 2018 டிசம்பரில் எபிக் கேம்ஸ் ஸ்டோர் 12 சதவீதமே போதும் என்று போட்டிக்கு வந்தது. சில கேம்களைத் தன்னிடம் மட்டுமே முதலில் விற்க ஒப்பந்தமும் போட்டது. பார்டர்லேண்ட்ஸ் 3 கேம், 2019 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஒரே நாளில் வெளியானது. ஆனால் கம்ப்யூட்டருக்கு எபிக்கில் மட்டுமே கிடைத்தது. ஸ்டீமுக்கு ஆறு மாதம் கழித்தே வந்தது.

இதில் உங்களுக்கு என்ன? ஒரு கடையில் வாங்கிய கேம் பொதுவாக அடுத்த கடையின் அக்கவுண்டில் சேராது. அங்கும் வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்ட வேண்டியதுதான். எனவே நண்பர்கள் எந்தக் கடையில் வாங்குகிறார்கள், விலை எங்கே குறைவு என்று பார்த்த பிறகே வாங்குங்கள். கேம் பிடிக்கவில்லையா? ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.