பாஸ்வேர்டுக்கு ஒரு பெட்டகம்!

ஒரு லாரி ரோட்டில் ஓட, எத்தனை சாவி வேண்டும்?

'ஒன்று' என்று சொல்லி விடாதீர்கள், குட்டீஸ்! நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம், லாரி வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். விரல் விட்டு எண்ணுவர். வரி, பர்மிட்டுக்கு, 'பரிவாகன்' இணையதளம். சுங்கச்சாவடிக்கு, 'பாஸ்டேக்' கணக்கு. சரக்குக்கு, 'இ - வே பில்!' இவை போக இன்சூரன்ஸ், வங்கி, இ - மெயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்டு. இரும்புச் சாவி ஒன்று தான். கண்ணுக்குத் தெரியாத சாவிகளோ ஆறு!

லாரி இல்லாத வீட்டிலும் இதே கதை தான். மின் கட்டணம், ரயில் டிக்கெட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் என்று, பல வீடுகளில் படிவத்தை நிரப்பித் தருவது, பள்ளியில் படிக்கும் நீங்கள் தான். ஒரு விதத்தில், வீட்டின் கணக்குப்பிள்ளை!

நீங்கள் விடுதியில் தங்கிப் படிக்கப் போய் விட்டால் என்ன ஆகும்? லாரி, சுங்கச்சாவடியில் நிற்கும்; பாஸ்வேர்டு, உங்கள் தலைக்குள் இருக்கும். பாவம், அப்பா என்ன செய்வார்?

மூன்று பக்கப் பட்டியல்!

கடந்த, 1961ல், அமெரிக்காவின் எம்.ஐ.டி., கல்வி நிறுவனத்தில், பெர்னாண்டோ கார்பட்டோ தலைமையிலான குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. ஒருவரது கோப்பை மற்றவர் திறக்காமல் இருக்க, ஆளுக்கொரு பாஸ்வேர்டு தரப்பட்டது.

அடுத்த ஆண்டே, ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த பட்டியலை, அப்படியே அச்சிட்டு எடுத்து விட்டார். ஏன் தெரியுமா? அவருக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் நேரம் போதவில்லையாம்!

கார்பட்டோ, 2019ல் காலமானார். முதுமையில் அவரிடமே, 150 பாஸ்வேர்டுகள் வரை சேர்ந்து விட்டன. அவற்றை மூன்று பக்கங்களில் தட்டச்சு செய்து வைத்திருப்பதாக, 2014ல் கூறினார். மேதைக்கே ஞாபக சக்தி போதவில்லை என்றால், நமக்கு எப்படிப் போதும்?

முட்டை அட்டை பாடம்!

'எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தால் போதாதா?' என்று கேட்பீர்கள்.

கூடாது! 2009ல், 'ராக்யூ' என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து, 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருடு போயின. அதில், ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் வைத்திருந்தது, '123456' தான்! ஓரிடத்தில் கிடைத்த பாஸ்வேர்டை, மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பது, திருடர்களின் வழக்கம்.

நாமக்கல் முட்டை அட்டையைப் பாருங்கள். 30 முட்டைக்கு, 30 குழி. அதனால் தான் லாரி குலுங்கினாலும், ஒன்றோடு ஒன்று மோதுவதில்லை. பாஸ்வேர்டும் அப்படித் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அத்தனையையும் பூட்டி வைக்கும் பெட்டகம் தான், 'பாஸ்வேர்டு மேனேஜர்!' 1997ல், புரூஸ் ஷ்னையர், 'பாஸ்வேர்டு சேப்' என்ற மென்பொருளை வெளியிட்டார். 2003ல் வந்த, 'கீபாஸ்' முழுக்க இலவசம். பின்னர் வந்த, 'பிட்வார்டன்' இலவசமாகவும் கிடைக்கிறது. உள்ளே போடும் எல்லாவற்றையும், இவை சங்கேத எழுத்தாக மாற்றிப் பூட்டி விடும்.

பெட்டகத்துக்கு ஒரே தலைமைச் சாவி. அதை மட்டும் மனதில் வைத்தால் போதும். தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் கோர்த்து வையுங்கள். மரவள்ளி, துடைப்பம், ஏற்காடு, பல்லி, குடை என்பது போல. இதையே வைத்து விடாதீர்கள். பேப்பரில் வந்து விட்டதே! அது மறந்து போனால், மென்பொருளைச் செய்தவராலும் திறக்க முடியாது. ஆகவே, தாளில் எழுதி, உறையிலிட்டு, நிலப் பத்திரத்துடன் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

பதிவு செய்வது எப்படி?

அப்பா, அம்மாவை அருகில் வைத்து, இந்த ஐந்து கட்டங்களையும் நிரப்புங்கள்.

* தலைப்பு: வெறுமனே, 'பாஸ்டேக்' என்று எழுதாதீர்கள். மூன்று லாரிக்கு மூன்று கணக்கு இருக்கலாம். 'பாஸ்டேக் - 10 சக்கர லாரி' என்று எழுதினால், யாருக்கும் புரியும்.

* பயனர் பெயர்: சில தளங்கள் இ - மெயில் கேட்கும், சில, மொபைல் எண் கேட்கும். எது என்று பார்த்து எழுதுங்கள்.

* பாஸ்வேர்டு: மூளையைக் கசக்க வேண்டாம். பெட்டகமே, யாராலும் ஊகிக்க முடியாததை உருவாக்கித் தரும். முதலில் அதைப் பெட்டகத்தில் சேமித்து, பிறகு இணையதளத்தில் மாற்றுங்கள். உடனே ஒருமுறை வெளியேறி, மீண்டும் நுழைந்து சோதியுங்கள்.

* இணையதள முகவரி: இது தான் காவல்காரன். உலாவியோடு இணைந்து இயங்கும் பெட்டகம், முகவரி பொருந்தினால் தான், பாஸ்வேர்டை தானாக நிரப்பும். வங்கி போலவே வேஷம் போடும் போலித் தளத்தில், கையைக் கட்டி நின்று விடும்.

* குறிப்பு: கணக்கு யார் பெயரில் இருக்கிறது, ஓ.டி.பி., யாருடைய மொபைலுக்கு வரும் என்று எழுதுங்கள். பழைய, 'சிம்' கார்டைத் தூக்கிப் போடும் முன், இந்தக் குறிப்பு தான் காப்பாற்றும்.

முதல் பதிவு, இ - மெயிலாக இருக்கட்டும். பாஸ்வேர்டு மறந்து விட்டால், பல தளங்கள் புதியதை மாற்றும் வழியை, அங்கு தான் அனுப்பி வைக்கும்.

அடுக்குவது எப்படி?

மளிகைக் கடை அஞ்சறைப் பெட்டி போல, சில கோப்புறைகள் போதும். வீடு, லாரி, வங்கி, படிப்பு, பழையவை. விற்ற லாரியின் பதிவை, 'பழையவை' அறைக்கு மாற்றி விடுங்கள். கீபாஸ் போல, கம்ப்யூட்டரிலேயே கோப்பாக இருக்கும் பெட்டகத்துக்கு, பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைப்பது அவசியம்.

ஏ.டி.எம்., - யு.பி.ஐ., ரகசிய எண்களை இதில் எழுத வேண்டாம். அவை, பெரியவர்கள் மனதிலேயே இருக்கட்டும். ஓ.டி.பி.,யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண், 1930.

வேலை முடிந்ததும், ஒரு தேர்வு வையுங்கள். நீங்கள் தள்ளி நின்று, 'இன்சூரன்ஸ் கணக்கைத் திறங்கள்' என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமலே திறந்து விட்டால், நீங்கள், 'பாஸ்!' தேடித் தடுமாறினால், தலைப்பைத் திருத்தி எழுதுங்கள். நல்ல கணக்குப்பிள்ளை ஊரில் இல்லாத நாளிலும், கணக்கு நோட்டு பேச வேண்டும்!